தார்ப்பாய்க்குக் கதவு கிடையாது

நவம்பர் 14, வெள்ளி

எலும்பு டாக்டர் இவருடைய முதுகுப் படத்தை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்துவிட்டு, "டிஸ்க் கொஞ்சம் பிதுங்கியிருக்கு" என்றார். இவர் கேட்ட முதல் கேள்வி: "டிசம்பர்ல மலைக்குப் போகலாமா சார்?" மருந்தைப் பற்றியோ வலியைப் பற்றியோ ஒரு வார்த்தை கிடையாது. டாக்டர் சிரித்துவிட்டார். "தாராளமா நடங்க. முதுகுல ஆறு கிலோவுக்கு மேல மட்டும் ஏத்தாதீங்க."

வீட்டுக்கு வந்ததும் பரணிலிருந்து மலைப்பையை இறக்கி, உள்ளே இருந்ததையெல்லாம் கட்டில் மேல் கொட்டி, ஒவ்வொன்றாகச் சமையலறைத் தராசில் வைத்துப் பார்த்தார். டார்ச், அடுப்பு, கம்பளி, நெய்க் குப்பி. கூடாரம் மட்டும் தராசில் நிற்கவில்லை. ரெண்டரைக் கிலோ என்று அதன் உறையிலேயே எழுதியிருக்கிறது.

"எமன் இதான் தமயந்தி" என்றார். "இதை விட்டுட்டு ஒரு தார்ப்பாய் எடுத்துக்குவோம். அரைக் கிலோகூட வராது. வெளிநாட்டுல நடக்கிறவன்லாம் இப்ப அதைத்தான் கொண்டு போறான்."

"வெளிநாட்டுக்காரனை அட்டை கடிக்காதா?"

"டிசம்பர்ல ஏது அட்டை?"

இருக்கிறது. போன வருஷம் என் கணுக்காலில் இருந்தது.

நாங்கள் இருவரும் வருஷத்துக்கு ஒரு முறை, டிசம்பர் கடைசியில், கீழ்ப்பழனி மலையில் மூன்று ராத்திரி தங்கி நடப்போம். இவரும் தம்பி குருநாதனும் சேர்ந்து நடத்தும் பம்ப் கடையில் மோட்டார் வாங்கிய காபித் தோட்டக்காரர்கள் நிறையப் பேர் அங்கே இருக்கிறார்கள். தோட்டத்து ஓரத்தில் கூடாரம் அடித்துக்கொள்ள விடுவார்கள். "இம்புட்டுப் பெரிய வீடு இருக்கையில எதுக்குக் காட்டுல போய்ப் படுக்கணும்?" என்று மாமா, இவருடைய அப்பா, ஒவ்வொரு வருஷமும் கேட்பார். காத்து நல்லா இருக்கும் மாமா என்று நானும் ஒவ்வொரு வருஷமும் சொல்வேன்.

இதை லேபில், சாப்பாட்டு நேரத்தில் எழுதுகிறேன். டைரி என் மேஜை டிராயரில், பஞ்சுக்கும் சிரிஞ்சுக்கும் நடுவில் குடியிருக்கிறது. வீட்டில் அதற்கு இடம் இல்லை.

நவம்பர் 17, திங்கள்

தார்ப்பாய்க்கு ஆர்டர் போட்டாகிவிட்டது. என்னைக் கேட்டுத்தான் போட்டார். "போடட்டுமா?" என்று கேட்கும்போதே விரல் போனை அமுக்கியிருந்தது.

நவம்பர் 24, திங்கள்

நேற்று ஞாயிற்றுக்கிழமை. மாலையில் மொட்டை மாடியில் தார்ப்பாய்த் திருவிழா.

லாரியில் போர்த்துகிற நீல ரகம் இல்லை இது. குடைத்துணிபோல மெல்லிசு, பாசி நிறம், சுருட்டினால் ஒரு சொம்புக்குள் போய்விடும். நடக்கிற கைத்தடி இரண்டையும் இரண்டு முனையில் நிறுத்தி, தண்ணீர்த் தொட்டிக் குழாயிலும் செங்கல்லிலும் கயிற்றை இழுத்துக் கட்டினார். கட்டிக்கொண்டே பாடம் நடத்தினார். காற்று எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் தாழ்த்திக் கட்டணும். மழையென்றால் இறக்கணும், வெயிலென்றால் ஏத்தணும். கூடாரத்தில் நம் மூச்சுக்காற்றே விடியற்காலையில் தண்ணீராய்ச் சொட்டும், இதில் அந்தப் பேச்சே கிடையாது. மழை பெய்தால் உள்ளேயே அடுப்பு வைத்துக் காபி போடலாம். சொன்னது எல்லாம் நிஜம்தான். நிஜமாக இருப்பதுதான் எரிச்சல்.

மாமா முதலில் படுத்துப் பார்த்தார். "நல்ல காத்து. சித்திரையில எனக்கு இங்கயே கட்டிவிட்ரு" என்றார். குருவின் மகள் இனியா இந்தப் பக்கம் நுழைந்து அந்தப் பக்கம் ஓடினாள். நாலு பக்கமும் திறப்பு, எப்படி வேண்டுமானாலும் ஓடலாம். கடைசியாகக் குரு ஒரு ஓரத்தில் மல்லாந்து படுத்துக் கையை நீட்டினான்.

"அண்ணே, நாலு பேரு தாராளமாப் படுக்கலாம் போலயே!"

கடைக்கு வழி கேட்டு வந்தவனைக்கூட டீ குடிக்காமல் அனுப்பாத மனுஷர் இவர். "அப்ப நீங்களும் வாங்களேன்டா" என்றார். "இனியாவை அப்பா பாத்துக்குவாரு. ரோகிணியும் இதுவரைக்கும் எங்கதான் போயிருக்கா?"

குருவின் மனைவி ரோகிணி என் முகத்தைப் பார்த்தாள். நான் சிரித்தேன். வேறு என்ன செய்வது?

பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த கதை. ரெண்டு கிலோ குறைக்கப் போய் ரெண்டு ஆள் கூடிவிட்டது.

நவம்பர் 25, செவ்வாய்

கோபமெல்லாம் ஒன்றும் இல்லை. தார்ப்பாய் வேண்டாம் என்பதற்கு அட்டைதான் காரணம்.

அட்டை மட்டுமா? கூடாரத்துக்குத் தைத்த தரை உண்டு, தார்ப்பாய்க்குத் தரை கிடையாது. தனியாக ஒரு விரிப்பு, கொசுவுக்கு ஒரு வலை என்று சேர்த்தால் எடையும் ஏறத்தான் செய்யும். சாரல் அடித்தால் கால்மாடு நனையும். தேள் இருக்கிறது, பூரான் இருக்கிறது. சுடிதார் மாற்ற ஒரு மறைவு வேண்டாமா? இத்தனையும் காலையில் இவரிடம் அடுக்கினேன். தலையாட்டிக் கேட்டுவிட்டு, "உப்பு மூட்டை கட்டி எடுத்துக்குவோம், அட்டை கிட்டயே வராது" என்றார். நான் சொன்னதில் அட்டையை மட்டும் எடுத்துக்கொண்டார். என் தப்புதான். அதைத்தானே முதலில் சொன்னேன்.

நவம்பர் 29, சனி

இன்று லேபில் கூட்டம் இல்லை. எழுத நேரம் இருக்கிறது.

ஊருக்கெல்லாம் பூட்டுச் செய்து கொடுத்த திண்டுக்கல்லில் எங்கள் வீட்டு அறைகளுக்கு உள்தாழ்ப்பாள் கிடையாது. வாசல் கதவில் உள்ளங்கை அகலத்துக்குப் பூட்டுத் தொங்கும். உள்ளே எல்லாம் வெறும் கதவு. குளியலறையைத் தவிர எங்கும் ஒரு கொக்கிகூட இல்லை.

என் மகள் நிவேதாவுக்கு ரெண்டு வயதிருக்கும்போது எங்கள் அறைக்குள் போய்த் தாழ்ப்பாளை இழுத்துவிட்டாள். உள்ளே அவள் அழுகை, வெளியே எங்கள் அழுகை. குரு ஜன்னல் கம்பியை அறுத்துத்தான் இறங்கினான். மறுநாளே மாமா ஆசாரியைக் கூட்டி வந்து வீட்டிலிருந்த உள்தாழ்ப்பாள் அத்தனையையும் கழற்றிவிட்டார். "நம்ம வீட்டுக்குள்ள யாருக்கு யாரு பூட்டிக்கிறது?" என்றார். அன்றைக்கு அது சரியாகத்தான் பட்டது. நானே ஸ்க்ரூவைப் பொறுக்கிக் கொடுத்தேன்.

நிவேதா இப்போது கோயம்புத்தூர் ஹாஸ்டலில் உள்பக்கம் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு சுகமாகத் தூங்குகிறாள். இங்கே அப்படியே இருக்கிறது. போதாக்குறைக்குக் குடும்பத்தின் பெரிய பீரோ எங்கள் அறையில் நிற்கிறது. மாமாவின் மாத்திரை அதில், கடைச் சாவிக்கொத்து அதில், இஸ்திரிப் பெட்டி அதன் தலையில். விடிந்ததிலிருந்து படுக்கிற வரை யாராவது வருவார்கள், போவார்கள். யாரும் கெட்டவர்கள் இல்லை. மாமா கண்ணை மூடிக்கொண்டு வந்து தடவித் தடவி மாத்திரையை எடுத்துப் போவார். அது இன்னும் மோசம்.

அந்த வீட்டில் புருஷன் பெண்டாட்டி சண்டை போட முடியாது. சமாதானமும் ஆக முடியாது. எல்லாவற்றையும் சேர்த்து வைத்து டிசம்பரில் கூடாரத்துக்குள் போய்த்தான் போடுவோம். ஜிப்பை மேலிருந்து கீழே இழுத்ததும் முதல் ராத்திரி சண்டை, ரெண்டாம் ராத்திரி பேச்சு, மூன்றாம் ராத்திரி பேச்சும் தேவைப்படாது. நிவேதாவை எந்தக் காலேஜில் சேர்ப்பது என்று முடிவானது அங்கேதான். என் அப்பா இறந்த வருஷம் நான் வாய்விட்டு அழுததும் அங்கேதான்.

இந்த வருஷம் கேட்க வேண்டுமென்று ஒன்று வைத்திருந்தேன். பீரோவைக் கூடத்துக்கு நகர்த்திவிட்டு, கதவுக்கு ஒரு தாழ்ப்பாள். அவ்வளவுதான். மலைமேல் நாலு பேராகப் படுத்துக்கொண்டு அதை எப்படிக் கேட்பது?

டிசம்பர் 3, புதன்

கேட்டுவிட்டேன். ஸ்கூட்டரில்.

லேபில் என்னை இறக்கிவிட வரும்போது, பஸ் ஸ்டாண்டு சிக்னலில் நின்றோம். அவர் காதுக்குப் பக்கத்தில் குனிந்து, "என்னங்க, நம்ம ரூமுக்கு ஒரு தாழ்ப்பாள் போடலாமா?" என்றேன்.

இவர் சிரித்த சிரிப்பில் பக்கத்து ஆட்டோக்காரர் திரும்பிப் பார்த்தார். "இந்த வயசுலயா? அப்பா என்ன நினைப்பாரு? நாப்பத்தஞ்சு வயசுல புதுசா என்னடா தாழ்ப்பாள்னு கேட்டா நான் என்னத்தைச் சொல்றது?"

நானும் கூடச் சிரித்தேன். பச்சை விழுந்துவிட்டது.

நாள் முழுக்க ரத்தம் எடுத்தேன். ஒரு ஆளுக்கு ரெண்டு தடவை குத்த வேண்டியதாகிவிட்டது. எனக்கு அப்படி ஆவதே இல்லை. அவமானமாக இருந்தது, இப்போதும் இருக்கிறது. தாழ்ப்பாள் என்றால் அது ஒன்றுக்குத்தானா? சும்மா உட்கார்ந்திருக்க ஒரு கதவு வேண்டாமா?

டிசம்பர் 8, திங்கள்

பரணிலிருந்து கூடாரத்தை நானே இறக்கினேன். நிவேதாவின் பழைய ஸ்கூல் பையில் அதைத் திணித்து, கூட ரெண்டு தண்ணீர்ப் பாட்டிலும் போட்டு, காலையில் மலைக்கோட்டையைச் சுற்றி நடக்கிறேன். அவருக்குத்தானே டாக்டர் சொன்னார், எனக்கு இல்லையே. முதல் நாள் தோள் கழன்றுவிட்டது. இன்று பரவாயில்லை.

எதற்கு என்று இவர் கேட்டார். உடம்பு பழகணும் இல்லையா என்றேன். பாராட்டினார்.

டிசம்பர் 12, வெள்ளி

ரோகிணியும் நடக்க வருகிறாள். கல்யாணமாகிப் பத்து வருஷத்தில் பிள்ளை இல்லாமல் எங்கும் கிளம்பியதில்லை என்பதால் அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. புது ஷூ, புதுத் தொப்பி, விசிலொன்றும் வாங்கியிருக்கிறாள். விசில் எதற்கென்று கேட்டால், காணாமல் போனால் ஊதுவதற்காம்.

பால் பண்ணைத் திருப்பத்தில் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றோம். அவள் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் கேட்டாள்.

"அக்கா, அந்தத் தார்ப்பாய்க்குள்ள எல்லாரும் வரிசையாவா படுக்கணும்?"

"ஆமா."

"யாரு பக்கத்துல யாரு?"

"நீ குரு பக்கத்துல படு."

"அவரு பக்கத்துல?"

"பெரியவரு."

"அவரு அந்தப் பக்கம் இருக்கையில நான் எப்படிக்கா காலை நீட்டிப் படுக்கிறது?" என்றாள். பாவம், முகம் சிவந்துவிட்டது. மூத்தார் எதிரில் நாற்காலியில்கூட உட்காராத பெண். "நாங்க ரெண்டு பேரும் சேந்து ஒரு இடம் போயி எம்புட்டு நாளாச்சு தெரியுமா?" என்று ஆரம்பித்தவள் பாதியில் நிறுத்திவிட்டு ஷூக் கயிற்றைக் கட்ட உட்கார்ந்துவிட்டாள். கயிறு நன்றாகத்தான் கட்டியிருந்தது.

டிசம்பர் 15, திங்கள்

படுக்கை வரிசைக்கு இவர் படம் போட்டிருக்கிறார். சுவர் மாதிரி காற்றைத் தடுக்க ரெண்டு ஓரத்திலும் ஆம்பிளைகள், நடுவில் பெண்கள். அதாவது அவர், நான், ரோகிணி, குரு. "யாருக்கும் சங்கடம் இல்ல பாரு" என்றார். கடையில் பம்ப் செட்டுக்கு இடம் குறிக்கிற மாதிரி அம்புக்குறியெல்லாம் போட்டிருந்தார்.

எல்லோருடைய சங்கடத்தையும் யோசிக்கிற மனுஷர். அதனால்தான் இவர்மேல் எனக்குப் பிரியம். என் சங்கடத்தையும் அந்தக் கணக்கில் சேர்த்திருக்கலாம்.

டிசம்பர் 19, வெள்ளி

இன்று ஸ்கூட்டரை லேப் வாசலில் நிறுத்தச் சொல்லி, நின்றுகொண்டே சொன்னேன். "நான் டென்டையும் எடுத்துட்டு வர்றேன்."

"ரெண்டும் எதுக்கும்மா? சுமை."

"நான்தானே தூக்கப் போறேன்."

"தார்ப்பாய்ல ஒழுகாதுன்னு சொல்றேன்ல?"

"ஒழுகாதுங்க. நல்ல தார்ப்பாய்தான்."

ஹேண்டில்பாரில் இல்லாத தூசியைத் துடைத்தார். அவருக்குப் புரியாமல் இல்லை. "தம்பியும் அந்தப் பிள்ளையும் பக்கத்துல இருக்கையில நாம மட்டும் தனியாப் போயி ஜிப்பைப் போட்டுக்கிட்டா நல்லா இருக்குமா? குரு என்ன நினைப்பான்?"

"என்ன நினைப்பாரு?"

ஸ்கூட்டரைக் கிளப்பினார். முதல் ஆளுக்குச் சர்க்கரை பார்க்க நேரமாகிவிட்டது, உள்ளே வந்துவிட்டேன்.

இந்த வருஷம் எனக்கு அந்தக் கூடாரம் கிடைக்காவிட்டால், அடுத்த டிசம்பர் வரைக்கும் நான் இந்த மனுஷரோடு தனியாக ஒரு மணி நேரம் இருக்கப் போவதில்லை. இதை இப்படி எழுதிப் பார்த்ததும்தான் எனக்கே பயமாக இருக்கிறது.

டிசம்பர் 24, புதன்

மலைக்குக் கொண்டுபோக லேபிலிருந்து எடுத்து வந்த டைரியையும் எடை போட்டார்கள். கெட்டி மேலுறையைக் கிழித்துவிட்டு எடுத்துக்கொள்ள அனுமதி.

டிசம்பர் 27, சனி, மதியம்

ஆரஞ்சு மரத்தடியில் உட்கார்ந்திருக்கிறேன். மற்ற மூவரும் ஓடையில் கால் நனைக்கப் போயிருக்கிறார்கள். தோள் வலிக்கிறது, ஆனாலும் யாரிடமும் சொல்ல மாட்டேன்.

நேற்று பஸ்ஸில் ஏறி வளைவெல்லாம் சுற்றி இறங்கி, மதியத்துக்கு மேல் நடந்தோம். சில்வர் ஓக் மரமெல்லாம் மிளகுக் கொடி. இவர் ஆறு கிலோவோடு முன்னால் ஆட்டுக்குட்டி மாதிரி போனார். குரு பாதி வழியில் மூச்சு வாங்கி, "அண்ணே, இப்படி ஏறுறதுக்கு நமக்குல்லண்ணே காசு குடுக்கணும்" என்றான். ரோகிணி விசிலை மூன்று தடவை ஊதினாள். மூன்று தடவையும் காணாமல் போகவில்லை, மயில் பார்த்தாள்.

தங்கின இடம் காபிக் களத்துக்குப் பக்கத்தில் ஒரு குறுகின மேடு. தார்ப்பாய் போட்டதும் இடம் தீர்ந்துவிட்டது. கூடாரத்தை விரிக்க வழி இல்லை. பை தலைக்கு உயரமாக ஆயிற்று, அவ்வளவுதான் அதற்கு மரியாதை.

உள்ளதைச் சொல்ல வேண்டும். தார்ப்பாய் அருமையான சாமான். ஓரத்தைத் தூக்கிக் கட்டியிருந்ததால் படுத்தபடி எதிர் மலை விளக்கெல்லாம் தெரிந்தது. காற்று கழுத்தோரம் குளுகுளுவென்று போனது. புழுக்கம் இல்லை, சொட்டல் இல்லை. அட்டையும் வரவில்லை. நான் சொன்ன காரணத்தில் ஒன்றுகூடத் தேறவில்லை.

ஆனால் நாலு பேரும் கட்டை மாதிரி கிடந்தோம். யாரும் புரளவில்லை. எனக்கு இருமல் வந்தது, விழுங்கிக்கொண்டேன். ரோகிணி கழுத்து வரைக்கும் போர்வையை இழுத்து, காலை மடக்கி, சாமி கும்பிடுகிற மாதிரி கையை வைத்துக்கொண்டு படுத்திருந்தாள். குரு மட்டும் குறட்டை. இவர் என் பக்கம் திரும்பிப் படுக்கவே இல்லை. படத்தில் போட்டபடி காற்றைத் தடுத்துக்கொண்டு வெளிப்பக்கம் பார்த்தே படுத்திருந்தார். ஒரு முழ தூரத்தில் இருக்கிற முதுகைப் பார்த்துக்கொண்டு எவ்வளவு நேரம்தான் படுத்திருப்பது? வீடே இங்கே ஏறி வந்துவிட்ட மாதிரி இருந்தது. பீரோ ஒன்றுதான் குறைச்சல்.

அதோ வருகிறார்கள். மேகம் கூடுகிறது.

டிசம்பர் 28, ஞாயிறு, காலை

இதைக் கூடாரத்துக்குள் உட்கார்ந்து எழுதுகிறேன்.

நேற்று சாயங்காலம் தூறலோடு இந்தத் தோட்டத்துக்கு வந்தோம். நல்ல சமதரை, பெரிய பலா மரம். இவரும் குருவும் தார்ப்பாயைக் கட்ட ஆரம்பித்தார்கள். நான் பையைத் திறந்து கூடாரத்தை எடுத்து, மரத்துக்கு அந்தப் பக்கமாக விரித்தேன். தள்ளி ஒன்றும் இல்லை, கூப்பிட்டால் கேட்கிற தூரம். முளை அடிக்க ஆரம்பித்ததும் மூன்று பேரும் வேலையை நிறுத்திவிட்டார்கள்.

"மதினி, மழைக்குப் பயமா?" என்றான் குரு.

"பயமெல்லாம் இல்ல தம்பி. எனக்கு இதுல படுக்கணும் போல இருக்கு."

ஆமா தம்பி என்று சொல்லியிருக்கலாம். அதுதான் வாயில் வந்தது. கடைசி நொடியில் மாறிவிட்டது.

கம்பியை வளைத்துக் கூடாரத்தைத் தூக்கி நிறுத்தும்போது ஒரு முனை நழுவியது. ரோகிணி ஓடி வந்து மறு முனையைப் பிடித்தாள். இவர் காது சிவக்க, ஏற்கெனவே இறுகியிருந்த கயிற்றை இன்னும் இன்னும் இறுக்கிக்கொண்டிருந்தார்.

தார்ப்பாய்க்குக் கீழே அடுப்பு வைத்து ரவை உப்புமா கிண்டினோம். குரு ஏதோ கடைக் கதை சொன்னான், எல்லோரும் அளவுக்கு மீறிச் சிரித்தோம். பாத்திரம் கழுவியாயிற்று. படுக்கும் நேரம். நான் டார்ச்சை எடுத்துக்கொண்டு எழுந்தேன். இவர் விரிப்பைத் தட்டிக்கொண்டே உட்கார்ந்திருந்தார். நிமிரவில்லை.

"வர்றேன் ரோகிணி" என்று சொல்லிவிட்டு நடந்தேன். உள்ளே போய் ஜிப்பை இழுத்தேன். அந்தச் சத்தம் மலை முழுக்கக் கேட்ட மாதிரி இருந்தது.

முதலில் அழுகை வந்தது. இருபது வருஷம் குடித்தனம் நடத்தியும், தம்பி எதிரில் பெண்டாட்டியோடு ஒரு துணிக்குள் நுழைய வெட்கப்படுகிற மனுஷரை நினைத்து அழுதேன். என்னை நினைத்தும்தான். அப்புறம் அங்கே படுக்கை வரிசை என்ன ஆகியிருக்கும் என்று யோசித்தேன். புருஷனும் பெண்டாட்டியும் அவர்களுக்குப் பக்கத்தில் இவரும். சிவபூஜையில் கரடி. தலையணையில் முகத்தை வைத்து அழுத்திக்கொண்டு சிரித்தேன்.

பிறகு நடந்ததைத்தான் எழுத வேண்டும் என்று விடிந்ததும் டைரியை எடுத்தேன். நடந்தது இதுதான்: தூங்கிவிட்டேன். கையைக் காலை நட்சத்திரம் மாதிரி விரித்துக்கொண்டு, ரெண்டு பேர் இடத்திலும் நானே படுத்து, நாலு தடவை புரண்டு, வாய்விட்டு இருமி, நன்றாகத் தூங்கினேன். கல்யாணமானதிலிருந்து ஒரு அறையில் நான் தனியாகத் தூங்கியது இதுதான் முதல் தடவை. அவர் இல்லாமல் இது நன்றாக இருக்கும் என்று நான் நினைக்கவே இல்லை. அவரோடு இருக்க வேண்டும் என்றுதான் இதைச் சுமந்து வந்தேன், அது இன்னும் அப்படியே இருக்கிறது. ஆனால் இதுவும் எனக்கு வேண்டியிருந்திருக்கிறது, எனக்கே தெரியாமல்.

துணியில் ஈரம் கோத்திருக்கிறது. அவர் சொன்ன மாதிரி சொட்டத்தான் செய்கிறது. சொட்டட்டும்.

வெளியே பேச்சுச் சத்தம் கேட்கிறது. அடுப்புப் பற்ற வைத்துவிட்டார்கள். யாரோ இந்தப் பக்கம் வருகிற காலடி. கூடாரத்துக்கு முன்னால் நின்றுவிட்டது. துணியில் தட்ட முடியாது, அதனால் தொண்டையைச் செருமுகிறார்.

"தமயந்தி, முழிச்சிட்டியா?"

"ம்."

"காபி கொண்டாந்திருக்கேன்."

ரெண்டு கையிலும் டம்ளர் இருக்க வேண்டும், சூட்டில் ஊதிக்கொள்கிறார்.

"உள்ள வரலாமா?"

பேனா நின்றுவிட்டது. மாத்திரைக்கும் சாவிக்கும் இஸ்திரிப் பெட்டிக்கும் எத்தனையோ பேர் என் அறைக்குள் வந்து போயிருக்கிறார்கள். இந்த வார்த்தையை யாரும் கேட்டதில்லை. இவரும்தான், அவருடைய அறை, எதற்குக் கேட்பார்? இப்போது கேட்டதையும் மெதுவாகக் கேட்கவில்லை. அடுப்படியில் பேச்சு நின்றுவிட்டது. குருவுக்கும் ரோகிணிக்கும் கேட்டிருக்கிறது, கேட்கட்டும் என்றுதான் கேட்டிருக்கிறார்.

"மழை பெய்யுதா?" என்றேன்.

"இல்ல, விட்டுருச்சு."

"முதுகு வலிக்குதா?"

"அதெல்லாம் ஒண்ணும் இல்ல. எனக்கு அங்க இருக்கப் பிடிக்கல, இங்க வரணும் போல இருக்கு."

"கொஞ்சம் பொறுங்க" என்றேன்.

"சரி" என்று நிற்கிறார். ஜிப்புக்குக் கீழே செருப்பு தெரிகிறது. எனக்கு இங்கே ஒரு வேலையும் இல்லை. தலை பின்னியாகிவிட்டது, போர்வை மடித்தாகிவிட்டது. இருந்தாலும் இந்த வரியையும் எழுதி முடித்துவிட்டுத்தான் திறப்பேன். காபி ஆறினால் ஆறட்டும்.